அடையாளம் கேட்பவரின் அடையாளம்

"ஆதார் கேட்கிறான், பான் கார்டு கேட்கிறான், காமிராவுக்கு முன்னால் முகத்தை வலப்பக்கம் திருப்பு, இடப்பக்கம் திருப்பு என்கிறான், இவ்வளவையும் கேட்டு வாங்குகிறவன் ஏமாற்றுக்காரனாக இருப்பானா மாமா?" என்று என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தியபடியே கேட்டான். அவன் அசடன் அல்லன். கோயம்புத்தூரில் பம்புசெட் செய்யும் ஓர் ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். கொத்தமல்லிக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவான். அப்படிப்பட்டவன், தான் கண்ணால் கண்டிராத, எந்தத் தேசத்தில் இருக்கிறது என்றே விசாரித்தறியாத ஓர் இணையச் சூதாட்ட விடுதியில், தன் சம்பளப் பணத்தைக் கிரிப்டோ நாணயமாக மாற்றிப் போட்டிருந்தான். அந்த விடுதியின் யோக்கியதைக்கு அவனிடம் இருந்த ஒரே சாட்சி, அவர்கள் அவனிடம் அடையாளம் கேட்டார்கள் என்பதுதான்.

சூதாடியதற்காக அவனை நான் கடிந்துகொண்டது வேறு விஷயம். அதை இங்கே பிரஸ்தாபிக்கப் போவதில்லை. அவன் சொன்ன நியாயத்தைப் பற்றியே எழுத நினைக்கிறேன். ஏனெனில் அது அவன் ஒருவனுடைய நியாயமன்று. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளில் பணம் போட்டிருக்கும் உத்தியோகஸ்தர்களும், இணையச் சூதாட்டத்தில் இறங்கியிருக்கும் இளைஞர்களும், இவ்விரண்டிலும் கலந்துகொள்ளாமல் தூர நின்று பார்க்கும் என் வயதுக் கனவான்களுங்கூட, "கே.ஒய்.சி. எல்லாம் முறையாகக் கேட்கிறார்கள்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் விசாரணைக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கேட்பது அவன், கொடுப்பது நாம், இதில் நிரூபணமாவது நம் அடையாளம். அப்படியிருக்க, நிரூபணமானது அவனுடைய நேர்மை என்று எந்தத் தர்க்கத்தின்படி முடிவு கட்டுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பிரமைக்கு மூலம் எது என்று யோசித்துப் பார்த்தால், அது கிரிப்டோவுக்கு வெகு காலம் முந்தியது என்று தோன்றுகிறது. காகிதம் கேட்கும் அதிகாரம் நம் தேசத்தில் தலைமுறை தலைமுறையாகச் சர்க்காருக்கே உரியதாக இருந்து வந்திருக்கிறது. ரேஷன் கடையில் குடும்ப அட்டை, தாலுகா ஆபீஸில் பட்டா, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்று என்று ஒவ்வொரு வாசலிலும் காகிதக் கட்டோடு நின்று, கொண்டுவர மறந்த ஒரு ஜெராக்ஸ் பிரதிக்காக வெயிலில் திரும்பவும் கடைத்தெருவுக்கு நடந்து பழகிய ஜனங்களுக்கு, காகிதம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சர்க்கார் நிற்கிறது என்ற எண்ணம் தானாகவே உண்டாகிவிடுகிறது. கேட்கும் தோரணையைக் கண்டதும் கை தானாகப் பைக்குள் போகிறது. இணையத்தில் கடை விரித்திருப்பவர்கள் இந்தப் பழக்கத்தை நம்மைவிட நன்றாக அறிந்துவைத்திருக்கிறார்கள்.

வாடிக்கையாளரை இன்னார் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்ற இந்தக் கே.ஒய்.சி. விதி யாருக்காகப் பிறந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1970-இல் அமெரிக்கா வங்கி ரகசியச் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. பெயரில் ரகசியம் இருந்தாலும், வங்கிகள் தங்கள் வாடிக்கையாளரின் ரகசியங்களைச் சர்க்காரிடம் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். 1989-இல் பாரிஸில் கூடிய ஏழு பணக்கார நாடுகள், போதைமருந்து வியாபாரிகளின் பணம் வங்கிகளுக்குள் புகுந்து வெள்ளையாக வெளியே வருவதைத் தடுப்பதற்காக நிதி நடவடிக்கைப் பணிக்குழுவை ஏற்படுத்தின. அது மறு வருஷமே நாற்பது பரிந்துரைகளை வெளியிட்டது. 2001-இல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு பயங்கரவாதிகளின் பணமும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. நம் ரிசர்வ் வங்கி 2002-இல் வங்கிகளுக்கு இந்த விதியை அனுப்பியது. 2019-இல் அந்தப் பணிக்குழு கிரிப்டோ நிறுவனங்களையும் தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது. 2023 மார்ச் 7 அன்று இந்திய சர்க்கார் அவற்றைச் சட்டவிரோதப் பணப் பரிவர்த்தனைத் தடுப்புச் சட்டத்தின் கீழே சேர்த்தது. இத்தனை நீண்ட வரலாற்றிலும், பணம் போடுகிறவனுடைய பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது இந்த விதியின் உத்தேசமாக இருந்ததில்லை. லாட்ஜில் அறை எடுக்கப் போனால் ஆதார் நகல் வாங்கிக்கொள்கிறார்கள். நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக வாங்குகிறார்கள். மெத்தையில் மூட்டைப்பூச்சி இல்லை என்பதற்கு அந்த நகல் உத்தரவாதமென்று எவரும் எண்ணுவதில்லை.

கிரிப்டோ விஷயத்தில் மட்டும் எண்ணுகிறோம். அப்படி எண்ணுகிறவர்கள் கனடாவில் நடந்த ஒரு கதையை அறிந்துகொள்வது நல்லது. குவாட்ரிகாசிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சு 2013-இல் தொடங்கப்பட்டு, ஒரு சமயம் அந்த நாட்டின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சாக விளங்கியது. அதை நடத்திவந்த ஜெரால்டு காட்டன் என்ற முப்பது வயது இளைஞர் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் நோயுற்று இறந்துபோனார். நாணயங்களின் சாவி அவர் ஒருவரிடமே இருந்தது, அவரோடு போய்விட்டது என்று முதலில் சொல்லப்பட்டது. ஆராய்ந்து பார்த்தபோது, சாவி கிடைத்தாலும் திறந்து எடுப்பதற்குப் பெட்டியில் பெரிதாக எதுவும் இல்லை என்று தெரியவந்தது. ஒன்டாரியோ மாகாணப் பங்குச் சந்தை ஆணையம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 76,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நிறுவனம் 21.5 கோடி கனடா டாலர் பாக்கிப்பட்டிருந்தது. அந்தப் பணம் எப்படிப் போயிற்று என்று அந்த அறிக்கை சொல்லும் விவரந்தான் நமக்கு முக்கியம்: காட்டன் தன் எக்ஸ்சேஞ்சிலேயே கற்பனைப் பெயர்களில் கணக்குகள் தொடங்கி, அவற்றில் இல்லாத பணத்தை இருப்பதாக வரவு வைத்து, அந்தப் பொய்ப் பணத்தைக் கொண்டு வாடிக்கையாளர்களின் மெய்யான நாணயங்களை வாங்கியிருக்கிறார். அப்பெயர்களில் ஒன்று கிறிஸ் மார்க்கே. அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தார்.

இதோடு முடியவில்லை. அந்த நிறுவனத்தைக் காட்டனோடு சேர்ந்து தொடங்கிய மைக்கேல் பேட்ரின் என்பவர், ஓமர் தனானி என்ற பெயரில் அமெரிக்காவில் அடையாளத் திருட்டு சம்பந்தமான வழக்கில் சிறைத்தண்டனை அனுபவித்துவிட்டு, பின்னர் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டவர் என்பது 2019-இல் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஆக, வாசலில் வந்து நின்ற ஜனங்கள் தங்கள் பெயரையும் விலாசத்தையும் பயபக்தியோடு ஒப்புவித்துக்கொண்டிருந்த காலத்தில், கடையை ஸ்தாபித்த இருவரில் ஒருவர் இல்லாத ஆட்களின் பெயரில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மற்றவர் தன் பழைய பெயரை மூடிவைத்திருந்தார். விவரம் சொல்ல வேண்டியவர் யார், கேட்க வேண்டியவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கேட்பவரின் அடையாளம் நன்றாகத் தெரிந்திருந்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா என்றால், அதுவுமில்லை. எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சை நடத்திய சாம் பேங்க்மன் ஃபிரைடின் முகத்தைத் தொலைக்காட்சியிலும் பத்திரிகை அட்டைகளிலும் காணாதவர் அமெரிக்காவில் அநேகமாக இல்லை. 2022 நவம்பரில் அந்தக் கடை கவிழ்ந்தது. 2024 மார்ச்சில் அவருக்கு இருபத்தைந்து வருஷச் சிறை விதிக்கப்பட்டது. பறிகொடுத்தவர்கள் தங்கள் பணத்தைத் திரும்பக் கோருவதற்கு மறுபடியும் அடையாள ஆவணங்களைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. கெடுவுக்குள் அந்தச் சரிபார்ப்பைத் தொடங்காதவர்களின் கோரிக்கை தள்ளுபடியாகும் என்று அறிவிப்பும் வந்தது.

நம் வீட்டுக்கு அருகில் நடந்ததைப் பார்ப்போம். வாஸிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் கணக்கு வைத்திருந்தவர்கள் பான் கொடுத்தவர்கள், ஆதார் கொடுத்தவர்கள், முகத்தைப் படம் பிடித்துக் கொடுத்தவர்கள். 2024 ஜூலை 18 அன்று அதன் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. வடகொரிய ஹேக்கர்களின் கைவரிசை இது என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று தேசங்களும் பிற்பாடு கூட்டாக அறிவித்தன. இந்தக் களவை விசாரித்த டெல்லி போலீஸார், வங்காளத்தைச் சேர்ந்த ஒருவர் போலிப் பெயரில் அதே எக்ஸ்சேஞ்சில் கணக்குத் தொடங்கி, அதை டெலிகிராம் வழியே விற்றுவிட்டதாகவும், அந்தக் கணக்கு இந்தக் காரியத்துக்குப் பயன்பட்டதாகவும் குற்றம் சாட்டினார்கள். ஏழையான வாடிக்கையாளன் தன் பெயரின் இனிஷியல் ஆதாரில் முன்னாலும் பானில் பின்னாலும் இருக்கிற குற்றத்துக்காக வாரக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்ட அதே வாசலில், போலிப் பெயர் எவ்விதத் தடையுமின்றி உள்ளே போயிருக்கிறது.

களவுக்குப் பிறகு நடந்தது களவைவிட விசித்திரம். நாணய வியாபாரம் முழுவதும் நிறுத்தப்பட்டது. தாய்க் கம்பெனி சிங்கப்பூரில் இருப்பதால் வழக்கும் சிங்கப்பூருக்குப் போயிற்று. கடை மறுபடி திறக்கப் பதினைந்து மாதம் ஆயிற்று. நஷ்டத்தை வாடிக்கையாளர் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது கம்பெனியின் யோசனை. சென்னையிலிருந்து பணம் செலுத்தி 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்கள் வாங்கி வைத்திருந்த ஒரு பெண்மணி, களவுபோனவை வேறு வகை நாணயங்களாயிற்றே, அடுத்த வீட்டில் திருடு போனதற்கு என் வீட்டு அண்டாவை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அண்டா என்ற உவமை என்னுடையது, வாதம் அவருடையது. 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்து வகையைச் சேர்ந்தது, அதை ஒருவர் மற்றொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்து, அந்தப் பெண்மணிக்குப் பாதுகாப்பும் அளித்தார். அவருக்கு உதவியவை சட்டமும் ஒரு நல்ல வக்கீலும் அவருடைய பிடிவாதமும் ஆகும். கம்பெனிக்கு அவர் அனுப்பிய அடையாள ஆவணங்கள் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

எக்ஸ்சேஞ்சுகளாவது கணக்குத் தொடங்கும்போதே கேட்கின்றன. கிரிப்டோ சூதாட்ட விடுதிகளின் சங்கதி வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மருமகனிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எப்போதப்பா கேட்டார்கள்?" அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பணம் எடுக்கிறப்போ" என்றான். உள்ளே போகையில் என்ன கேட்டார்கள் என்றேன். மின்னஞ்சல் முகவரி ஒன்று போதுமானதாக இருந்ததாம். நாலு மாதமாக அவன் போட்ட பணம், போட்ட சில நிமிஷங்களில் கணக்கில் ஏறியிருக்கிறது. இது யாருடைய பணம், எப்படி வந்தது, நீ எந்த ஊர், உனக்கு வயது என்ன, உன் ஊர்ச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று ஒரு பிராணியும் கேட்கவில்லை. தோற்றபோதும் கேட்கவில்லை. ஒரு நாள் ராத்திரி ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஜெயித்து, அதை எடுக்க முயன்ற அந்தக் கணத்தில்தான், சர்வதேசப் பணச்சலவையைப் பற்றிய கவலை அந்த விடுதிக்குத் திடீரென்று உண்டாயிற்று.

பிறகு ஆரம்பித்தது படலம். ஆதாரின் முன்பக்கம் அனுப்பினான். பின்பக்கம் வேண்டும் என்றார்கள். பின்பக்கம் அனுப்பினான், ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்றார்கள். விலாசத்துக்கு மின்கட்டண ரசீது அனுப்பினான். அது அவன் தகப்பனார் பெயரில் இருக்கிறது என்று திருப்பினார்கள். தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையின் வீட்டு மின்இணைப்பு பிள்ளையின் பெயரில் இருக்கிறது? சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, அந்த நாணயத்தை முதலில் எங்கே வாங்கினாய் என்பதற்கு அத்தாட்சி, கையில் தேதி எழுதிய காகிதத்தைப் பிடித்தபடி ஒரு படம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. இந்த இடைக்காலம் முழுவதும் அந்தத் தொகை அவன் கணக்கில் கண்ணுக்கு முன்னால் மின்னிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே, எடுக்கும் விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு விளையாட்டைத் தொடரலாம் என்று ஒரு பொத்தானும் இருந்தது. பதினெட்டாம் நாள் ராத்திரி அவன் அந்தப் பொத்தானை அழுத்தினான். விடியற்காலைக்குள் கணக்குத் தீர்ந்தது.

எலிப்பொறி செய்கிற தச்சன் அதன் வாயை எப்போதும் அகலமாகத்தான் வைப்பான். உள்ளே வருகிறவனைத் தடுப்பதற்கு ஏற்பட்ட விதியை வெளியே போகிறவனைத் தடுப்பதற்குத் திருப்பி வைத்துக்கொண்டால், அதே கதவு, அதே தாழ்ப்பாள், அதே காவற்காரன். பிரயோஜனம் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. இது என் சந்தேகப் புத்தியின் கற்பனை என்று எவரேனும் எண்ணினால், பிரிட்டனைப் பார்க்கட்டும். அங்கே சூதாட்டம் சட்டபூர்வமான தொழில். அதைக் கண்காணிக்க ஓர் ஆணையம் உண்டு. ஆட்டக்காரரின் வயதைச் சரிபார்க்க முன்பெல்லாம் நிறுவனங்களுக்கு 72 மணி நேர அவகாசம் இருந்தது. 2019 மே மாதத்திலிருந்து, பெயர், விலாசம், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே ஒருவரை ஆட அனுமதிக்க வேண்டும் என்றும், முன்னமேயே கேட்டிருக்கக்கூடிய விவரத்தைப் பணம் எடுக்கும் சமயத்தில் கேட்டு நிறுத்தக்கூடாது என்றும் அந்த ஆணையம் விதி செய்தது. எடுக்கும் விண்ணப்பத்தை ரத்து செய்து மறுபடி ஆடவைக்கும் அந்தப் பொத்தானையும் 2021-இல் தடை செய்தது. பணம் எடுக்கும் சமயத்தைப் பற்றிய விதிக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த புகார்களும் ஒரு காரணம். என் மருமகனுக்கு நேர்ந்தது நூதனமான அனுபவமன்று; அதற்குப் பெயர் வைத்து, விலக்கிவைத்த தேசமும் ஒன்று உண்டு.

அவன் ஆடிய விடுதிக்கு அந்த விதி பொருந்தாது. அதன் பக்கத்தின் அடியில் கியுராசாவ் என்ற பெயர் பொடி எழுத்தில் இருந்தது. கரீபியன் கடலில் நெதர்லாந்து ராஜ்யத்தைச் சேர்ந்த சிறு தீவு அது. ஜனத்தொகை நம் ஒரு நடுத்தர நகராட்சி அளவுதான். அங்கே வெகு காலம் நாலே நாலு நிறுவனங்களுக்கு மூல உரிமம் இருந்தது. அவை தங்களுக்குக் கீழே எத்தனையோ விடுதிகளுக்கு உள்உரிமம் கொடுத்துவந்தன. புகார் கொண்டு போகிறவன் மூல உரிமக்காரனின் வாசலில் நின்றான், சர்க்காரின் வாசலில் அல்ல. இதில் உள்ள கேவலம் அவர்களுக்கே உறைத்து, 2024 டிசம்பரில் புதுச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. வந்ததும், கெடுபிடி வேண்டாதவர்களுக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கொமொரோஸில் உள்ள அஞ்சுவான் தீவு இருக்கவே இருக்கிறது.

இந்த விடுதிகளின் நிபந்தனைப் பத்திரத்தில் இன்ன இன்ன தேசத்தவர் ஆடக்கூடாது என்று ஒரு பட்டியல் இருப்பது வழக்கம். விபிஎன் போட்டுக்கொண்டு அந்தத் தேசத்தவர் ஆடுகிறார்கள் என்பது விடுதிக்குத் தெரியாத ரகசியமன்று. தோற்கும் வரை அவன் எந்தத் தேசத்தவன் என்ற கேள்வி எழுவதில்லை; ஜெயித்து, பாஸ்போர்ட்டை அனுப்பினால், தடை செய்யப்பட்ட தேசத்தவன் என்று கண்டுபிடித்து ஜெயித்த பணத்தைப் பறிமுதல் செய்துவிடலாம். தடை செய்யப்பட்ட தேசத்தவனாகிய உன்னிடம் நாங்கள் பணம் வாங்கியதே தவறு, நீ தோற்றதை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள் என்று எந்த விடுதியாவது தானாக முன்வந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கொடுத்த ஆவணங்களின் கதி என்ன என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் காயின்பேஸ், உலகத்தின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்று. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. குறுக்கு வழிக் கடை என்று யாரும் சொல்ல முடியாது. 2025 மே மாதத்தில் அது வெளியிட்ட விவரப்படி, வெளிநாட்டிலிருந்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்குக் கையூட்டுக் கொடுத்து, 69,461 பேருடைய விவரங்களைக் குற்றவாளிகள் கைப்பற்றினார்கள். பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றோடு, சர்க்கார் அடையாள அட்டைகளின் படங்களும் அவற்றில் இருந்தன. இரண்டு கோடி டாலர் கொடு, இல்லாவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டினார்கள். கம்பெனி மறுத்து, குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுப்பவருக்கு அதே தொகையைப் பரிசாக அறிவித்தது; அந்தத் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் போன படம் போனதுதான். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று வலது முழங்கை மச்சத்தை எழுதினார்களே, அதையா மாற்ற முடியும்? சட்டத்துக்கு அஞ்சும் இத்தனை பெரிய கம்பெனியிலேயே இது நடந்திருக்க, பெயர் தெரியாத தீவின் பெயர் தெரியாத கணினியில் கிடக்கும் என் மருமகனின் ஆதாரை யார் யார் பார்த்திருப்பார்கள் என்று எண்ணவே மனம் கூசுகிறது.

கள்ளனுக்கோ இது ஒரு தடையே இல்லை. 404 மீடியா என்ற பத்திரிகை 2024-இல் பரீட்சித்துப் பார்த்தது: ஒன்லிஃபேக் என்ற தளம் பதினைந்து டாலருக்கு, தரை விரிப்பின் மேல் வைத்துப் படம் பிடித்தது போன்ற போலி அடையாள அட்டைப் படத்தைத் தயாரித்துக் கொடுத்தது; அத்தகைய இன்னொரு படத்தைக் கொண்டு ஒரு பிரபல எக்ஸ்சேஞ்சின் சரிபார்ப்பையே கடந்துவிட முடிந்தது. அட்டை மெய்யாக உள்ளவன் ஓரம் வெட்டுப்பட்டதற்காகத் திருப்பி அனுப்பப்படுகிறான். பொய் அட்டையில் ஓரம் வெட்டுப்படுவதே இல்லை.

அப்படியானால் அடையாளமே கேட்காத இடங்கள்தாம் உத்தமம் என்கிறீரா என்று ஒரு கேள்வி வரும். என் அபிப்பிராயம் அதுவன்று. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சு 2021 ஆகஸ்டு வரை, நாளொன்றுக்கு இரண்டு பிட்காயின் வரையில் எடுப்பவர்களிடம் அடையாளமே கேட்காமல் இருந்தது. அதனால் யார் யாருடைய பணமெல்லாம் அதற்குள் புகுந்தது என்பதை அமெரிக்க சர்க்கார் விசாரித்து, 2023 நவம்பரில் 430 கோடி டாலருக்கு மேல் செலுத்த வைத்தது. அதன் தலைவர் பதவி விலகிச் சிறைக்கும் போய்வந்தார். 2016-இல் பிட்ஃபினெக்ஸிலிருந்து திருடப்பட்ட நாணயங்களைப் பின்தொடர்ந்து போய் 2022-இல் ஒரு தம்பதியைப் பிடித்தபோது, மெய்ப்பெயரில் இருந்த கணக்குகளே துப்பறிவோருக்கு வழி காட்டின. கள்ளனைப் பிடிப்பதற்கு இது நல்ல கருவி; அதை நான் மறுக்கவில்லை. கருவியைக் கையில் வைத்திருப்பவன் யோக்கியன் என்பதற்கு அது சான்றாகாது என்பதே என் கட்சி. அடையாளம் கேட்பதில்லை என்று விளம்பரம் செய்யும் விடுதிகளும், எந்தச் சமயத்திலும் எந்த ஆவணத்தையும் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்று நிபந்தனைப் பத்திரத்தில் எழுதி வைப்பது சகஜம். அந்தச் சமயம் எது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாநிலமும் இந்த வழியில் ஒன்று செய்து பார்த்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகள், ஆட்டக்காரரின் ஆதாரைச் சரிபார்த்தே உள்ளே விட வேண்டும், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆட்டத்தை மூடிவைக்க வேண்டும் என்றன, கம்பெனிகள் எதிர்த்தன, உயர் நீதிமன்றம் அந்த ஜூனில் விதிகள் செல்லும் என்றது. சில மாதங்களுக்குள் பாராளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டையே தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்தின் நன்மை தீமை தனி விசாரணை. வாசலில் கேட்கச் சொன்ன விதிக்கு மட்டும் நான் வணக்கம் சொல்கிறேன். அது பணத்தை வாங்குவதற்கு முன்னால் கேட்கச் சொன்னது.

ஒரு விஷயம் பாக்கி. அடகுக் கடைக்காரர் நம் பெயர், விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். எழுதிக்கொண்டு ஒரு சீட்டும் கொடுக்கிறார். 1943-ஆம் வருஷத்து அடகுபிடிப்போர் சட்டம் அந்தச் சீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பஸ் நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் பையன்கூட வண்டியில் ஒரு பாதியைச் சொருகிவிட்டு மறுபாதியைக் கிழித்து நம் கையில் கொடுக்கிறான். அந்தப் பாதிச் சீட்டு நம்மை எவ்வளவு கட்டுகிறதோ அவ்வளவு அவனையும் கட்டுகிறது. நம் ஆதாரையும் முகத்தையும் சம்பளச் சீட்டையும் வாங்கிக்கொள்கிற இந்தக் கடைகளில் நம் கைக்கு வரும் பாதிச் சீட்டு எது? முதலாளி யார், எந்த ஊர்க் கோர்ட்டில் அவரை நிறுத்தலாம், நம் படத்தை எத்தனை நாள் வைத்திருப்பார், எப்போது அழிப்பார் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடை எது?

மருமகன் அதன் பிறகு புத்தி வந்தவனாய், தன் கணக்கை மூடிவிட வேண்டும், அனுப்பிய ஆவணங்களை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று அந்த விடுதிக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினான். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்குப் பதில் வந்தது. கணக்கை மூடும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டுமானால், முதலில் அவன் தன் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுமாம்.